முறை போட்டு மூச்சு

அத்தியாயம் 17

சென்ற வாரம் பொன்சோவை மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து, சான் ரமோன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதோடு நிறுத்தியிருந்தோம். அவரை நல்ல பாம்பு கடித்திருந்தது. எந்த இடத்தில் கடித்தது என்று டாக்டர் பெலிசார் கேட்டதற்கு, குடும்பம் மொத்தமும் ஒற்றுமையாக வலது கணுக்காலைக் காட்டியது. டாக்டர் கேட்டது, ஊரில் எந்த இடம் என்று.

அதுவும் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத் தெருக் கடைசியில், எர்மினியா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால். ஒரு மாட்டுத் தரகருக்கு விடியற்காலையில் இன்னொருத்தி வீட்டுக் கோழிக்கூண்டில் என்ன வேலை என்ற கேள்வி பல வருடங்களாக அந்தக் குடும்பத்தில் கேட்கப்படாமலே இருக்கிறது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். வண்டியில் ஏற்றி அனுப்பியது யார் என்றும் அதனால்தான் யாரும் விசாரிக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் பொன்சோவின் இமைகள் விழுந்துவிட்டன. பிறகு குரல் போனது. அந்தத் தீவின் பாதி மாடுகளைப் பேசியே விற்ற குரல். பிறகு கழுத்து. பிறகு மூச்சு.

டாக்டர் வாய் வழியாகக் குழாய் செலுத்தி, அதன் முனையில் இளநீர் அளவுள்ள ரப்பர் பை ஒன்றை மாட்டினார். பையை அமுக்கினால் மார்பு எழும்பியது. விட்டால் தணிந்தது. அமுக்காவிட்டால் எழும்பாது.

ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர்கள் இரண்டு. ஒன்றில் பிரசவத்தில் கஷ்டப்பட்ட ஒரு பெண் இருந்தாள். இன்னொன்றில் நன்கொடையாளரின் பெயர் இருந்தது. அந்த இயந்திரத்தில் கெட்டுப்போகாத பாகம் அந்தப் பெயர்ப் பலகை ஒன்றுதான். விஷமுறிவு மருந்தோ கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய தீவான லூசோனில். அலை அதிகமாக இருப்பதால் படகு எதுவும் கிளம்பக் கூடாதென்று காவல்படை உத்தரவு போட்டிருந்தது.

மருந்து வரும்வரை பொன்சோவின் மூச்சு பொன்சோவுடையது அல்ல. பை யார் கையில் இருக்கிறதோ, அவருடையது.

இப்போது அது ஜெம்மாவின் கையில் இருந்தது.

ஜெம்மா அவருடைய இளைய மகள். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்டாய், அதாவது சின்னப் பெண். அதே வார்டில்தான் நர்ஸ். எத்தனையோ குடும்பங்களிடம் இந்தப் பையைக் கொடுத்து, "முறை போட்டு அமுக்குங்க, பயப்படாதீங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறாள். அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதும் அவளுக்குத் தெரியும். முதலில் எல்லோரும் பைக்காகச் சண்டை போடுவார்கள். அப்புறம் விரல் மரத்துப்போகும். ஒருவர் சாப்பிடப் போவார், ஒருவர் சிகரெட்டுக்குப் போவார், ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். தோற்றுப்போன எந்தக் குடும்பமும் பாசம் பற்றாமல் தோற்கவில்லை. 

"முதல்ல நிர்வாகிகள் யாருன்னு முடிவு பண்ணிடலாம்" என்றான் தெலெஸ்.

தெலெஸ் மூத்தவன். ஜெம்மாவுக்கு மனோய், அதாவது அண்ணன். கிராமக் கவுன்சிலர் வேறு. நாலு பேர் ஒரு காரியத்துக்காகக் கூடினால் காரியத்தைத் தொடுவதற்கு முன்பு தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், கடைசியில் ஒரு அழகுராணி ஆகியோரைத் தேர்ந்தெடுப்பது அந்த ஊர் வழக்கம். பள்ளிக்கூடத்து வகுப்பில் தொடங்கி பன்றி வளர்ப்போர் சங்கம் வரை அப்படித்தான்.

"மனோய், இங்க கைதான் வேணும். பதவி வேணாம்."

"ஒழுங்கு முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. மூத்தவன்ங்கிற முறையில தலைமைய நான் ஏத்துக்கறேன்."

"யாரும் கொடுக்கலையே."

"அதான் ஏத்துக்கறேங்கிறேன்."

"அழகுராணி யாரு?" என்று கேட்டாள் தியா சோலிங். பொன்சோவின் தங்கை. பிள்ளைகளுக்குத் தியா, அதாவது அத்தை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். தேவாலயத்தில் அவள் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

"நீங்கதான், தியா."

"இப்பவாவது கண்ணு தெரிஞ்சுதே உனக்கு."

கட்டிலின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பசிலிசா. கணவரின் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள், குழாயைப் பார்க்காமல். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெம்மா அமுக்கிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் கேளுங்க. எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் கை, ஒருத்தர் கண். கை பையை அமுக்கும். கண் மார்ப மட்டும் பாக்கும். மெதுவான்னா மெதுவா, வேகமான்னா வேகமா. கண் சொல்றத கை கேக்கணும். யார் பெரியவங்க, யார் சின்னவங்கன்னு பாக்கக் கூடாது."

"நான் கை, நீ கண்ணுன்னா?" என்றான் தெலெஸ்.

"நான் சொல்றத நீங்க கேக்கணும்."

"தியா கையின்னா?"

"அவங்களும்தான். யார் கண்ணா இருந்தாலும் சரி."

தெலெஸ் சிரித்தான். தியா சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் சோற்றைக் குழைய விட்டால் சின்னவர்கள் கஞ்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இது புரட்சி.

டாக்டர் பெலிசார் உள்ளே வந்தார். படிப்பு முடித்து நேராக இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர். முகத்தில் மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. பாம்புக்கடியைப் புத்தகத்தில் நிறையப் பார்த்திருந்தார்.

அவர் பொன்சோவின் காதருகே குனிந்து, "படகு எப்படியும் வந்துடும், ஐயா. தைரியமா இருங்க" என்றார்.

"மயக்கத்துல இருக்கறவர்கிட்ட என்ன டாக்டர் பேசறீங்க?" என்றாள் தியா.

"மயக்கமா? இல்லங்க. விஷம் சதையைத்தான் கட்டிப் போட்டிருக்கு. மூளைக்கு ஒண்ணுமில்ல. நாம பேசறதெல்லாம் அவருக்கு நல்லாவே கேக்குது. பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்."

வார்டில் பையின் சத்தம் மட்டும் கேட்டது. உஸ், உஸ்.

ஒவ்வொருவரும் காலையிலிருந்து தாம் பேசியதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார்கள். தெலெஸ் அந்தக் கட்டிலுக்கு மேலேயே குனிந்து, செம்மறைக் காளையின் பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று அம்மாவிடம் கேட்டிருந்தான். தியா சோலிங், சவ ஊர்வலத்தில் வாசிக்கும் பித்தளை வாத்தியக்காரர்களுக்கு இப்போதே சொல்லி வைத்தால்தான் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். எந்தப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது வரைக்கும்.

தியா மெல்லக் குனிந்தாள். "அண்ணா, நான் சும்மாதான் சொன்னேன். திருவிழாவுக்கு."

பொன்சோ பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் பாம்பு ஏற்பாடு செய்திருந்தது.

*

தெலெஸின் முறை வந்தபோது பயம் அவன் கைக்கு வந்துவிட்டது. மாடு கறப்பவனைப் போல அமுக்கினான்.

"மெதுவா, மனோய்" என்றாள் ஜெம்மா. அப்போது அவள் கண்.

"காத்து நிறையப் போனா நல்லதுதானே."

"போனது வெளிய வரணும். வர்றதுக்கு முன்ன அடுத்தத அமுக்கறீங்க. மெதுவா."

"எனக்குத் தெரியும், ஜெம்மா."

"மார்பு இறங்கவே இல்ல, பாருங்க. மெதுவாங்கறேன்."

"உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். என்கிட்டயே..."

"தெலெஸ்" என்றாள் அம்மா.

அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அவ கண்ணு. சொல்றத கேளு."

அவன் நிதானித்தான். மார்பு எழுந்தது, இறங்கியது. அவன் காதோரம் வேர்வை வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "என் கைல போயிடுவாரோன்னு இருக்கு" என்றான். தலைவர் பதவியை அத்தோடு யாரும் கேட்காமலே ராஜினாமா செய்தான்.

அம்மாவும் ஒரு முறை முயன்றாள். சென்ற மழைக்காலத்தில் படியில் விழுந்து முறிந்த மணிக்கட்டு அவளுடையது. நான்கு அமுக்கில் விரல்கள் விட்டுப்போயின. ஜெம்மா பையை வாங்கிக்கொண்டாள். அம்மா எழுந்து ஜன்னலோரம் போனாள்.

கீழே, தேவாலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலிருக்கும் வாதுமை மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. மேலே பார்த்தபடி இருந்தாள்.

அம்மா திரையை இழுத்து மூடினாள். மெதுவாகத்தான் இழுத்தாள். ஆனால் கொக்கி ஒன்று அறுந்து விழுந்தது.

எல்லோரும் பயந்த கை தியாவினுடையது. ஆச்சரியமாக, அதுதான் நன்றாக அமைந்தது. எண்ணச் சொன்னபோது தியா எண்களைக் குழப்பினாள். உடனே ஜெம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"தியா, எண்ண வேணாம். 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்க. பாதி செபத்துக்கு ஒரு அமுக்கு, மீதிக்கு ஒரு அமுக்கு."

அதற்குப் பிறகு தியாவைப் பிடிக்க ஆளில்லை. நாற்பது வருடம் ஒரே வேகத்தில் செபமாலை உருட்டிய உதடு அது. அவசரம் கிடையாது, சுணக்கம் கிடையாது. மார்பு எழுவதும் தணிவதும் துணி தைப்பது போல வரிசையாக நடந்தது. டாக்டர் வந்து பார்த்து, "இயந்திரம் தோத்துடும்" என்றார். தியா பெருமையைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த செபத்துக்குப் போனாள். தன் திட்டம் இவ்வளவு நன்றாகப் பலிக்கிறதே என்று ஜெம்மாவுக்கு முதல் முறையாக மூச்சு வந்தது.

சாயங்காலம் நல்ல செய்தியும் வந்தது. அலை தணிகிறது. காவல்படை தன் படகிலேயே மருந்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் சான் ரமோன் துறை ஆழமில்லை. மலையைச் சுற்றிப் போகும் பெரிய துறைமுகத்துக்குத்தான் வரும். யாராவது போய் வாங்கி வர வேண்டும்.

"தியா கை, மனோய் கண்" என்றாள் ஜெம்மா. "நான் கீழ போய் சளி உறிஞ்சற குழாய் வாங்கிட்டு வந்துடறேன். வந்ததும் மனோய் துறைமுகத்துக்குக் கிளம்புங்க."

அம்மா தாழ்வாரத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜெம்மா படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குழாயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது தேவாலயத்தில் திரிகால மணி அடித்தது.

கடைக்காரரின் கை நின்றது. தெருவில் போன வண்டி நின்றது. மீன் கூடைக்காரி கூடையை இறக்கி வைத்து நின்றாள். ஆறு மணிக்கு மணி அடித்தால் சான் ரமோனில் எல்லோரும் இருந்த இடத்தில் நின்று, நெற்றியில் சிலுவை போட்டு, செபம் முடியும்வரை அசையாமல் இருப்பார்கள். ஜெம்மாவின் கையும் பழக்கத்தில் நெற்றிக்குப் போனது.

நெற்றியைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது.

தியா.

அவள் ஓடினாள். அசையாமல் நின்ற தெருவில் ஓடியது அவள் ஒருத்திதான். மூன்றாவது படியில் செருப்பு கழன்றது. மேலே தாழ்வாரத்தில் நர்ஸ் தலை குனிந்து நின்றாள். அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வார்டிலிருந்து அந்த உஸ் என்ற சத்தம் மட்டும் வரவில்லை.

உள்ளே தியா சோலிங் எழுந்து நின்று, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்திருந்தாள். கண்ணாக இருக்க வேண்டிய தெலெஸ் எதிரே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்திருந்தான். பை தலையணை மேல் கிடந்தது. இருவரும் மிகுந்த பக்தியோடு பொன்சோவைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஜெம்மா பையைப் பறித்து அமுக்கினாள். அப்பாவின் உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. மறுபடி அமுக்கினாள். "டாக்டரக் கூப்பிடுங்க" என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை.

தெலெஸ் தொப்பியோடு ஓடினான்.

தியா கண்ணைத் திறந்தாள். முதலில் ஜெம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"மணி அடிச்சுது" என்றாள். "மணி அடிச்சுது, இன்டாய்."

யாரும் அவளைத் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. செபத்தைச் சொல்லி அமுக்கச் சொன்னதும், இன்னொரு செபம் வரும் நேரத்தில் வெளியே போனதும் ஜெம்மாதான். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எல்லோரையும் நிறுத்தும் மணி தியாவையும் நிறுத்தும் என்பது, அந்த ஊரில் பிறந்தவளுக்குத் தோன்றாமல் போயிற்று.

டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்தார். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். 

"இதயம் ஓடுது" என்றார். பிறகு காதருகே குனிந்தார். "ஐயா, நான் சொல்றது கேக்குதா? கேட்டா இடது கால் கட்டை விரல அசைங்க. அங்க கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கும்."

எல்லோரும் பாதத்தைப் பார்த்தார்கள்.

விரல் அசைந்தது. ஈ உட்கார்ந்தால் அசைவது போல, லேசாக.

தியா சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். அந்தக் கையை இனிப் பையின் பக்கம் கொண்டுபோக முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது, அவளுக்கு முதலில்.

*

தெலெஸ் கிளம்ப வேண்டியிருந்தது. மலைச் சாலையில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசலில் நின்று ஜெம்மாவைப் பார்த்தான்.

"கை யாரு, கண் யாரு?"

"நான் கை. அம்மா கண்."

"உன் கை வலிச்சா?"

ஜெம்மா அமுக்கினாள். "நான் போயிட்டு வர்ற வரைக்கும்" என்று அவன் ஆரம்பித்தான், முடிக்காமல் போனான்.

அவசரப் பிரிவில் யாரோ வந்திருப்பதாகச் சொல்லி டாக்டரையும் அழைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த நேரத்துக்கு டாக்டர் அவர் ஒருவர்தான். இரண்டு வார்டுக்கு நர்ஸ் ஒருத்தி. மருந்து வந்தாலும் அது வேலை செய்து மூச்சு திரும்ப இன்னும் எத்தனை நேரமோ. ஜெம்மாவின் வலது கட்டை விரல் ஏற்கெனவே மரத்துவிட்டது. இடது கைக்கு மாற்றினாள். அமுக்குவதற்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு இடைவெளியிலும் அப்பா தண்ணீருக்கடியில் போவது போலவும், தான் முடியைப் பிடித்து மேலே இழுப்பது போலவும் இருந்தது.

அம்மா மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் வேகமா" என்றாள். பிறகு, "உன் கை தளருது."

"இல்லம்மா."

"நான் கண்ணு. எனக்குத் தெரியுது."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். திரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் வாதுமை மரம் தெரிந்தது. பிறகு அவள் கணவரின் காதருகே குனிந்தாள். இத்தனை வருடமாகச் சொல்லாத பெயரை, பல்லுக்குள் மாட்டிய முள்ளை எடுப்பது போல எடுத்தாள்.

"எர்மினியா கீழ உக்காந்திருக்கா. காலையிலேர்ந்து. கை பத்தல. அவளக் கூப்பிடட்டுமா? கூப்பிடணும்னா விரல அசைங்க."

ஜெம்மா அமுக்க மறக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் பாதத்தையே பார்த்தார்கள்.

விரல் அசையவில்லை.

"கேட்டுதா? கோவிச்சுக்க மாட்டேன். அசைங்க."

அசையவில்லை.

விஷம் காலுக்கும் இறங்கிவிட்டதா? மணி அடித்தபோது உள்ளே ஏதோ அணைந்துவிட்டதா? அல்லது மனைவி கேட்கும் இந்தக் கேள்விக்கு எப்போதும் போல மௌனம் சாதிக்கிறாரா? மூன்றில் எது என்று சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. மூன்றாவதாக இருக்க வேண்டுமே என்று ஜெம்மா வேண்டிக்கொண்டாள். அப்பா ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்று மகள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அம்மா எழுந்தாள்.

"நிறுத்தாத, இன்டாய். கொஞ்ச நேரம் கையும் நீ, கண்ணும் நீ."

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. தியா சுவரோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், ஜெம்மாவின் அமுக்குக்கு ஏற்ற வேகத்தில். ஜெம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்கு ஒன்று. மீதிக்கு ஒன்று.

திரும்பி வந்தபோது இரண்டு பேர் வந்தார்கள்.

ஜெம்மா எர்மினியாவை அத்தனை அருகில் பார்த்ததில்லை. இவ்வளவு காலம் வெறுத்ததற்கு ஈடான அழகு எதுவும் அந்த முகத்தில் இல்லை. கருவாடு காயப்போடுகிறவள். மேலெல்லாம் அந்த வாடை. கழுவிய காலில் இன்னும் தண்ணீர் சொட்டியது. அம்மாதான் கழுவச் சொல்லியிருக்க வேண்டும்.

"இது பை" என்றாள் அம்மா. "நீ கை. நான் கண்ணு. நான் சொல்றத நீ கேக்கணும்."

"சரிங்க, அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

"சரிங்க."

"எப்படியும் கூப்பிடாத. அமுக்கு."

ஜெம்மா விரலை விரலாக விட்டுக்கொடுத்தாள். எர்மினியாவின் கை பெரியது, உப்பில் வெடித்தது. முதல் அமுக்கு அதிகமானது. "மெதுவா" என்றாள் அம்மா. இரண்டாவது சரியாக இருந்தது. மார்பு எழுந்தது, தணிந்தது. அம்மா கணவரின் மார்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேறு எங்கும் பார்க்காமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

 பிறகு எர்மினியா, கேட்டுவிடப் போகிறார்களோ என்ற குரலில், குனிந்து சொன்னாள்.

"பொன்சோ. கோழிக்கெல்லாம் தீனி வச்சுட்டேன்."

கட்டிலின் அந்தக் கோடியில் இடது கால் கட்டை விரல் அசைந்தது. லேசாக அல்ல. நன்றாக, இரண்டு தடவை.

 இருக்கிறார். உள்ளேதான் இருக்கிறார். அந்தச் சந்தோஷம் முழுதாக மேலே வருவதற்குள் ஜெம்மா அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

அம்மாவும் பார்த்திருந்தாள்.

எர்மினியாவும் பார்த்தாள். அவள் முகம் நொறுங்கியது. வாயைப் பொத்திக்கொள்ளக் கை தானாக எழுந்தது. பை அவள் மடியில் தளர்ந்து கிடந்தது.

பசிலிசா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள். ஜெம்மா பையை எட்டிப் பிடிக்கப் போனாள். அதற்குள் அம்மா பேசினாள்.

"கை நின்னுடுச்சு, எர்மினியா." குரலில் நடுக்கமே இல்லை. "அழுகைய அப்புறம் வச்சுக்க. அமுக்கு."

எர்மினியா அமுக்கினாள். மார்பு எழுந்தது.

"இன்னொண்ணு" என்றாள் அம்மா. "ம். இன்னொண்ணு."

அப்போது ஜன்னல் கட்டையில் ஜெம்மாவின் போன் அதிர்ந்தது. திரையில் தெலெஸின் பெயர். அவன் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. மலைச் சாலையில் பாதி வழியிலிருந்து ஒருவன் கூப்பிடுகிறான் என்றால், மருந்து கைக்கு வந்துவிட்டது என்று சொல்ல அல்ல.